ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா? கரட்டுப் பாதைக்குச் சைக்கிள் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி அணைக்குப் பின்புறம் மாந்தோப்புகளுக்கு நடுவே ஓடும் வண்டித் தடங்களில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மவுண்டன் சைக்கிள் ஓட்டுவோரைச் சில ஆண்டுகளாகக் காண முடிகிறது. புதிதாக வருவோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: முன்னால் மட்டும் ஷாக் உள்ள ஹார்ட்டெயில் போதுமா, பின்னாலும் ஷாக் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வேண்டுமா? கேள்வியில் பிழையில்லை. ஆனால் பின் ஷாக் ஒன்று இருந்துவிட்டால் ஓட்டத் தெரியாததை அது ஈடுகட்டிவிடும் என்ற நினைப்போடு அதைக் கேட்கிறார்களே, அங்கிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் கிளைக்கின்றன.

என் சித்தப்பா மகன் பாலக்கோட்டில் இருக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 15,000 ரூபாய்க்குள் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கி, இராயக்கோட்டைப் பக்கத்துக் கரடு ஒன்றுக்கு என்னுடன் வந்தான். ஏற்றம் தொடங்கிய இடத்திலேயே, அவன் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் சீட்டுக்கு அடியிலிருந்த தடித்த சிவப்பு ஸ்பிரிங் அமுங்கி அமுங்கி எழுவதைப் பின்னால் வந்த நான் பார்த்துக்கொண்டே வந்தேன். மிதித்த பலத்தில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் அந்த ஸ்பிரிங்கிலேயே கரைந்துகொண்டிருந்தது. “அண்ணா, பின்னால யாரோ உக்காந்து அழுத்துற மாதிரியே இருக்கு” என்றான். இறக்கம் அதைவிட மோசம். ஒரு சாண் உயரமுள்ள பாறைப் படியில் இறங்கியபோது ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி, அமுங்கிய வேகத்திலேயே நிமிர்ந்து, சீட் அவனை உதைத்து ஹேண்டில்பாருக்கு மேலே தள்ளப் பார்த்தது. அருகிலிருந்த புதரில் சாய்ந்துவிட்டதால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

ஸ்பிரிங் இருப்பதாலேயே அதைச் சஸ்பென்ஷன் என்று எண்ணிவிடுவதுதான் அவன் செய்த தவறு. வாங்குவோரில் பலரும் செய்வது. அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்கின் வேலை. வாங்கியதைத் திருப்பி அடிக்காமல் மெல்ல விடுவது டேம்பரின் வேலை. ஷாக்குக்குள் இருக்கும் ஆயில் சிறு துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு போகும்போது உண்டாகும் தடையே அந்த நிதானத்தைக் கொடுக்கிறது. விலை குறைந்த பின் ஷாக்குகளில் பலவற்றுக்கு இந்த ஆயில் பகுதியே கிடையாது. அவற்றில் இருப்பது வெறும் ஸ்பிரிங். கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். சீட்டைக் கையால் நன்றாக அழுத்திச் சட்டென்று விடுங்கள். அழுத்திய வேகத்தைவிட விரைவாகத் துள்ளி எழுந்து, இன்னொரு முறையும் ஆடினால், அதில் டேம்பர் இல்லை அல்லது இருந்தும் பயனில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதே பணத்துக்கு ஹார்ட்டெயில் வாங்கினால் பின் ஷாக்குக்கும் அதைத் தாங்கும் இணைப்புத் தண்டுகளுக்கும் பேரிங்குகளுக்கும் போகும் செலவு ஃபோர்க் எனப்படும் நல்ல முன் ஷாக்குக்கும் நல்ல பிரேக்குக்கும் போகும். எடையும் இரண்டு மூன்று கிலோ குறையும். எனவே கையில் இருக்கும் பணம் நல்ல ஃபுல் சஸ்பென்ஷனுக்குப் போதாதபோது மலிவான ஃபுல் சஸ்பென்ஷனை வாங்குவது, இரண்டில் ஒன்றும் இல்லாத ஒன்றை வாங்குவதாகவே முடியும்.

ஹார்ட்டெயிலில் பின் ஷாக் இல்லை என்று சொல்வதுகூடப் பாதி உண்மைதான். ஓட்டுபவரின் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும்தான் அங்கே பின் ஷாக், எந்த ஷாக்கும் தராத அளவுக்கு அவை மடங்கி நிமிரும். அந்த ஷாக்கைப் பயன்படுத்தாமல் சீட்டில் அசையாமல் அமர்ந்தபடியே கற்களில் இறங்குவதுதான் புதியவர்கள் செய்யும் அடுத்த தவறு. இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டு பெடல்களும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு நிறுத்தி, சீட்டிலிருந்து எழுந்து, குதிகாலைச் சற்றுத் தாழ்த்தி, முழங்கையையும் முழங்காலையும் இளக்கமாக மடித்து, பார்வையை முன்சக்கரத்தின் மேல் வைக்காமல் ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும். ஒரு பெடல் கீழே தொங்கிக்கொண்டிருந்தால் அது பாறையில் இடிக்கும். கால் நேராக விறைத்திருந்தால் பின்சக்கரம் வாங்கும் அடி அப்படியே முதுகுத்தண்டுக்கு ஏறும். சமதளத்தில் மிதிப்பதற்கு வைத்த சீட் உயரத்தோடு இறங்குவதும் கூடாது. உயர்ந்து நிற்கும் சீட் உடலைப் பின்னுக்குப் போகவிடாது. சீட்டைக் கருவியின்றித் தளர்த்தும் குவிக் ரிலீஸ் பிடி இருந்தால் ஐந்தாறு சென்டிமீட்டர் இறக்கிக்கொள்ளலாம்; மறுபடியும் அதே உயரத்துக்கு ஏற்றச் சீட் கம்பியில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் சுற்றிவைத்தால் போதும்.

இதற்கு நேர்மாறான தவறு அனுபவசாலிகளிடம் உண்டு. ஹார்ட்டெயிலில் ஓட்டினால்தான் ஓட்டம், பின் ஷாக் என்பது சோம்பேறிகளுக்கானது என்று புதியவரிடம் அடித்துச் சொல்லிவிடுவார்கள். அதில் ஓரளவு நியாயம் இருப்பதை மறுக்க மாட்டேன்: தவறான தடத்தைத் தேர்ந்தெடுத்தால் ஹார்ட்டெயில் அந்தக் கணமே உதைத்துச் சொல்லிவிடும், ஃபுல் சஸ்பென்ஷனோ அந்தத் தவறை மூடி மறைத்து, வேகம் கூடிய பிறகு ஒரேயடியாகக் கணக்குத் தீர்க்கும். ஆனாலும் பின் ஷாக் செய்யும் வேலை சொகுசு மட்டுமன்று. கற்கள் நெருங்கிய தடத்தில் ஹார்ட்டெயிலின் பின்சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் தரையைவிட்டு எழும்பி விழுகிறது. எழும்பிய நேரத்தில் அதற்குப் பிடிப்பும் இல்லை, பிரேக்கும் இல்லை. நல்ல ஃபுல் சஸ்பென்ஷனில் சக்கரம் தரையை ஒட்டியே உருளுவதால், கற்கள் நிறைந்த ஏற்றத்தில்கூட டயர் வழுக்காமல் மிதிக்க முடிகிறது. முதுகுவலி உள்ளவருக்கும், கரட்டு இறக்கங்களிலேயே மூன்று நான்கு மணி நேரம் செலவிடுபவருக்கும் ஹார்ட்டெயிலை வற்புறுத்துவதில் எந்தப் பெருமையும் இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி ஆண்கள் போட்டியில் ஃபுல் சஸ்பென்ஷனில் வந்த செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி, ஹார்ட்டெயிலில் வந்த சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டரை ஒரே ஒரு நொடி வித்தியாசத்தில் வென்றார். 2016 ரியோவில் ஷுர்ட்டர் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறித் தங்கம் வாங்கினார், அப்போது வெள்ளி குல்ஹாவிக்கு. எதை ஓட்டினாலும் முன்வரிசையில் நின்ற அந்த இருவருக்கே இது ஒரு நொடிக் கணக்காக இருக்கும்போது, பாதையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய பொருளை நாம் சாதிச் சண்டைபோல ஆக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆம், பாதையைப் பார்த்துத்தான். வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் தார்ச்சாலை வழியே ஏறி இறங்குபவருக்குப் பின் ஷாக் வெறும் சுமை. ஏரிக்கரை, மாந்தோப்பு, கேழ்வரகுக் கொல்லை ஓரத்துச் செம்மண் தடம் ஆகியவற்றுக்கு 100 முதல் 120 மில்லிமீட்டர் அசைவுள்ள ஃபோர்க்கோடு ஒரு ஹார்ட்டெயில் தாராளமாகப் போதும். பாறைத் திட்டும் உருளும் சரளையும் மாறி மாறி வரும் கரட்டு இறக்கத்தில் வாரந்தோறும் ஓட்டுபவர்தான் ஃபுல் சஸ்பென்ஷனைப் பற்றி யோசிக்க வேண்டியவர்.

ஹார்ட்டெயிலை வாங்கிவிட்டு, அதில் 150 மில்லிமீட்டர் ஃபோர்க்கைப் போட்டால் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு ஈடாகும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளில் முன்னும் பின்னும் ஒருசேர அமுங்குவதால் சைக்கிளின் சாய்வு பெரிதும் மாறுவதில்லை. ஹார்ட்டெயிலில் முன்பக்கம் மட்டுமே அமுங்கும். எவ்வளவு நீளமான ஃபோர்க்கோ அவ்வளவு ஆழமாக மூக்கு குனியும், எடை முழுவதும் கைகளுக்கு வந்துசேரும், செங்குத்தான இடத்தில் தலைகுப்புறக் கவிழும் வாய்ப்பும் கூடும். 120-க்கென வடிவமைத்த ஃபிரேமில் நீளமான ஃபோர்க்கை மாட்டினால் ஹேண்டில் பக்கத்துக் குழாய் இணைப்பு கூடுதல் சுமையைத் தாங்க வேண்டிவரும் என்பதால், தயாரிப்பாளர் குறித்த அளவைத் தாண்டக் கூடாது.

நல்ல சைக்கிளை வாங்கிய பின்னும் பெரும்பாலோர் கைவைக்காமல் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு: சாக் என்னும் தொய்வு. நாம் ஏறி நின்றவுடன், அடி எதுவும் விழும் முன்பே, ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்பதே அது. சக்கரம் குழியில் இறங்கும்போது கீழே நீண்டு தரையைத் தொடுவதற்கு அந்தத் தொய்வு வேண்டும். ஷாக்கின் மொத்த அசைவில் முன்பக்கத்துக்கு ஏறத்தாழ 20 சதவீதம், பின்பக்கத்துக்கு 25 முதல் 30 சதவீதம் என்று தொடங்கலாம். ஓட்டும்போது அணியும் ஷூ, முதுகுப்பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும் சுவரைப் பிடித்தபடி ஏறி நின்று, ஃபோர்க் கம்பியிலுள்ள ரப்பர் வளையத்தைச் சீல் வரை இறக்கிவிட்டு, குலுங்காமல் இறங்கி அளக்க வேண்டும். 120 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் வளையம் 24 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் சரி. பின் ஷாக்கில் பலர் ஏமாறுவது இங்கேதான். பின்சக்கரம் 130 மில்லிமீட்டர் அசையும் சைக்கிளிலும் ஷாக்கின் தண்டு நகர்வது 50 மில்லிமீட்டர் அளவே இருக்கலாம். கணக்குப் போட வேண்டியது தண்டின் நீளத்துக்கு. 50-க்கு 30 சதவீதம் என்றால் 15 மில்லிமீட்டர். சக்கரத்தின் 130-ஐ வைத்துக் கணக்குப் போட்டு 39 மில்லிமீட்டர் வரும்வரை என் ஏர் ஷாக்கின் காற்றை இறக்கிவிட்டு, முதல் கல்லிலேயே ஷாக் அடிதட்டுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவன் நான்தான்; அவர் ஸ்கேலை எடுத்து ஷாக்கின் மேல் வைத்துக் காட்டியபோது பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றை அடைத்த ஏர் ஷாக்கில் பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயை வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் அறை மிகச் சிறியது, அழுத்தமோ 100 பி.எஸ்.ஐ.-க்கு மேல், அதற்கென்று உள்ள கை பம்பால் சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும். ஸ்பிரிங் ஃபோர்க் வைத்திருப்பவர்கள் மேலே உள்ள பிரீலோடு குமிழைத் திருகித் திருகி ஸ்பிரிங்கைக் கடினமாக்கிவிட்டதாக எண்ணுவார்கள். அந்தக் குமிழ் தொய்வை மட்டுமே மாற்றும். ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. உடல் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கையே மாற்றினால்தான் உண்டு.

ஷாக்கைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு டயரை மறக்கக் கூடாது, ஏனெனில் தரையை முதலில் தொடும் சஸ்பென்ஷன் அதுதான். டயரின் பக்கவாட்டில் 65 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருப்பது தாண்டக் கூடாத உச்ச அளவு. அடிக்க வேண்டிய அளவு அன்று. ஆனால் பஞ்சர் கடைகளில் கல்லாக இறுகும்வரை அடித்துக் கொடுப்பதும், நாம் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் திருப்தியடைவதும் வழக்கமாகிவிட்டது. அப்படி இறுகிய டயர் சரளையில் கோலிக்குண்டுபோல வழுக்கும்; அதன் பழியை ஹார்ட்டெயில் சுமக்கும். 70 கிலோ எடையுள்ளவர் 2.25 அங்குல டயரில், டியூப் இருந்தால் 30 பி.எஸ்.ஐ. அருகே தொடங்கி, ஒன்றிரண்டு கூட்டியோ குறைத்தோ தனக்குரிய அளவைக் கண்டுகொள்ளலாம். ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆபத்து உண்டு: கல் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு கீறல்கள் விழும். நம் பக்கத்துக் கருவேல முள்ளுக்கும் நெருஞ்சிக்கும் டியூப்லெஸ் டயரும் உள்ளே துளையை அடைக்கும் சீலன்ட் திரவமும் நல்ல தீர்வு. வெயிலில் சீலன்ட் காய்ந்துபோவதால் சில மாதங்களுக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும்.

ஏற்றத்துக்காக, ஷாக்கை அமுங்காமல் பூட்டிவைக்கப் போட்ட லாக்கவுட்டை எடுக்க மறந்து அப்படியே இறங்குவது எல்லோருக்கும் ஒரு முறையாவது நடக்கும். மலிவான ஃபோர்க்குகளில் அது உள்ளிருக்கும் பாகத்தையே உடைத்துவிடக் கூடும்.

பிரேக்கில் செய்யும் தவறு பள்ளிக்கூடச் சைக்கிள் காலத்துப் பழக்கம்: முன் பிரேக்கைத் தொட்டால் கவிழ்ந்துவிடுவோம் என்ற பயத்தில் பின் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இறங்குவது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும், தடமும் கெடும், வேகமும் போதிய அளவு குறையாது. கற்களுக்கு முன்னால் உள்ள மண் தரையிலேயே இரண்டு பிரேக்கையும் ஒரு விரலால் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, கற்களின் மேல் பிரேக்கைத் தளர்த்தி உருளவிட வேண்டும். ஹார்ட்டெயிலுக்கு இந்த விதி இருமடங்கு பொருந்தும். நம் ஊர்ச் சைக்கிள்களில் வழக்கமாக வலக்கைப் பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. செகண்ட் ஹேண்டாக வாங்கியவை சில மாறியிருக்கும் என்பதால் ஏறும் முன் ஒரு முறை பிடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

சஸ்பென்ஷன் கொடுக்கும் துணிச்சலில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டுத் தடங்களுக்குள் நுழைவது வேறு வகைத் தவறு. அப்பகுதியின் பெரும்பாலான காடு 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தது; வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே போகக் கூடாது. சத்தமே இல்லாமல் வரும் சைக்கிள், திருப்பத்தில் நிற்கும் யானைக்கு எதிரே போய்த்தான் நிற்கும்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, செம்மண் படிந்த சைக்கிளை மோட்டார் பைக்குகளுக்கான வாட்டர் சர்வீஸில் கொண்டுபோய் நிறுத்துவது. அந்தக் குழாயின் வேகத்தில் தண்ணீர் சீலைத் தாண்டிப் பேரிங்குகளுக்குள் புகுந்து, உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவிவிடும். கழுவிய பின் பளபளப்புக்காக டீசல் அடிக்கும் இடமாக இருந்தால் டிஸ்க்கிலும் பேடிலும் எண்ணெய் ஏறி, அடுத்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் போதும். ஹார்ட்டெயிலில் பேரிங் உள்ள இடங்கள் குறைவு என்பதால் இந்தக் கொடுமையைச் சற்று அதிகமாகத் தாங்கும். ஃபுல் சஸ்பென்ஷனில் பின்பக்க இணைப்புகள் ஒவ்வொன்றிலும் ஒரு பேரிங் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் ஃபுல் சஸ்பென்ஷன் பார்க்கப் போகிறவர்கள், சீட்டைப் பிடித்துச் சைக்கிளை மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். பின்சக்கரம் தரையைவிட்டு எழும் முன்பே சீட் மட்டும் ஒரு நூல் அளவு எழுந்து ‘டக்’ என்று சத்தம் வந்தால், அந்தப் பேரிங்குகளோ ஷாக்கின் புஷ்ஷோ தேய்ந்துபோய்விட்டன. அவற்றை மாற்றும் செலவை விசாரித்து, விலையில் கழித்த பிறகே பேரத்தை முடியுங்கள்.