மேவரிக் என்று யாரைச் சொல்லலாம்?

மீட்டிங்கில் நாலு தடவை குறுக்கே பேசினால் போதும், அந்த ஆளுக்கு 'மேவரிக்' (maverick) என்று ஆங்கிலத்தில் பட்டம் கட்டிவிடுகிறோம். இனிமேல் அந்தச் சொல்லை எழுதும் முன் ஒரு மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆமாம், மாடுதான்.

சாமுவேல் மேவரிக் டெக்சாஸ்காரர், வக்கீல், நிலம் வாங்கிக் குவித்தவர், 1836இல் டெக்சாஸ் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். 1840களில் அவருக்கு 1,200 டாலர் தரவேண்டிய ஒருவர், பணத்துக்குப் பதிலாக 400 மாடுகளை அவர் தலையில் கட்டிவிட்டார். இவருக்கோ மாடு வளர்ப்பில் துளியும் ஆர்வம் இல்லை. வேலியே இல்லாத அந்த மேய்ச்சல் காட்டில் எது யார் மாடு என்று சொல்வது, காய்ச்சிய இரும்பால் தோலில் போட்ட சூடு மட்டும்தான். இவர் கன்றுகள் பலவற்றுக்கு அதுவும் கிடையாது. சூடில்லாத கன்று ஒன்று தானாக அலைந்தால் 'அது மேவரிக்கோடது' என்றார்கள் அக்கம்பக்கத்தார். அப்புறம் யாருடைய சூடில்லாத கன்றும் மேவரிக் ஆனது, 1880களில் கட்சிக்கு அடங்காத அரசியல்வாதிக்கும் அதே பெயர் வந்தது.

சரி, எப்படிப் பயன்படுத்துவது? 'இவர் மேல் யார் போட்ட சூடு இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். 'யாருடையதும் இல்லை, ஆனாலும் இதே காட்டில்தான் மேய்கிறார்' என்று பதில் வந்தால் தாராளமாகப் போடலாம். கட்சிக்குள்ளேயே இருந்துகொண்டு கொறடா சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போடுகிற எம்.பி. மேவரிக். கட்சியை உடைத்துக்கொண்டு போனவர் கலகக்காரர், அதற்கு வேறு சொல் இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து கோஷம் போட்டால் அதுவும் பொருந்தாது, இது தனி ஆளுக்கான சொல்.

தமிழில் எழுதும்போதுதான் தலைவலி. தான்தோன்றி, அடங்காப்பிடாரி இரண்டும் திட்டு. மேவரிக்கில் லேசான மெச்சல் இருக்கிறது. 'நல்ல மாட்டுக்கு ஒரு சூடு' என்கிற ஊர் நம்முடையது, சூடே படாத மாட்டைப் பாராட்ட நம்மிடம் சட்டென்று ஒரு சொல் வராததில் ஆச்சரியமில்லை. நான் 'தன் போக்கில் போகிறவர்' என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

இந்தக் குடும்பம் ஆங்கிலத்துக்கு ஒரே சொல்லோடு நிறுத்தவில்லை. சாமுவேலின் பேரன் மோரி மேவரிக், அதிகாரிகள் எழுதும் புரியாத மொழியில் கடுப்பாகி, வான்கோழி கத்துவதை வைத்து 1944இல் அந்த மொழிக்கு 'கோப்லடிகூக்' என்ற சொல்லை உருவாக்கினார்.