ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 360 பாகைப் பனோரமா: ஃபிஷ்ஐ லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஓரிடத்தில் நின்றபடி சுற்றிலும் மேலும் கீழும் தெரிகிற அனைத்தையும் பல படங்களாக எடுத்து, மென்பொருளின் உதவியால் ஒரே படமாக இணைப்பதே முழுக்கோளப் பனோரமா. இதற்கு, ஏறத்தாழ 180 பாகைக் காட்சியை வளைத்து ஒரே படத்தில் அடக்கும் ஃபிஷ்ஐ லென்ஸ் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. 24 மி.மீ. லென்ஸ் போதும், ஆனால் கேமராவை நெடுக்காக நிறுத்தினால் அந்த லென்ஸ் அகலத்தில் ஏறத்தாழ 53 பாகையையும் உயரத்தில் 74 பாகையையும் மட்டுமே காண்பதால், மூன்று வரிசைகளில் இருபதுக்கும் மேற்பட்ட படங்களை எடுக்க நேரிடும். அதற்குள் மேகம் நகர்ந்துவிடும், ஆட்கள் இடம் மாறிவிடுவார்கள், வெளிச்சமும் மாறிவிடும். ஃபிஷ்ஐ லென்ஸ் அதே வேலையை மூன்று முதல் எட்டுப் படங்களில் முடித்துவிடுகிறது.

ஃபிஷ்ஐ படத்தில் நேர்கோடுகள் வளைந்து தெரிவதைக் கண்டு புதியவர்கள் தயங்குவதுண்டு. அந்த வளைவு ஒழுங்கான கணக்குக்கு உட்பட்டது. பிடிகுய், ஹுகின் போன்ற மென்பொருள்கள் அந்தக் கணக்கை அறிந்தே ஒவ்வொரு புள்ளியையும் கோளத்தில் உரிய இடத்தில் வைக்கின்றன. ஆகவே லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது வளைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஹுகின் இலவசமாகவே கிடைப்பதால், கற்றுக்கொள்வதற்கு மென்பொருள் செலவும் இல்லை.

படி 1: முடிவுப் படத்தின் அகலத்தைக் கணக்கிடுங்கள்

கடையில் விலையை விசாரிப்பதற்கு முன்பே, உங்கள் பனோரமா எத்தனை பிக்சல் அகலம் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். லென்ஸின் குவியத் தூரத்தை (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்ணை) 57.3 ஆல் வகுத்தால், படத்தின் நடுப்பகுதியில் ஒரு பாகைக் காட்சி சென்சாரில் (கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சில்லில்) எத்தனை மில்லிமீட்டர் இடம்பிடிக்கிறது என்பது தெரியும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (36-க்கு 24 மி.மீ. அளவுள்ள) சென்சாரில் 36 மி.மீ. நீளத்திற்கு 6000 பிக்சல்கள் இருப்பதால், ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. ஆகும். முதலில் கிடைத்த மில்லிமீட்டரை இந்தப் பிக்சல் அகலத்தால் வகுத்து 360 ஆல் பெருக்கினால் பனோரமாவின் அகலம் வரும். இந்தக் கணக்கின்படி 8 மி.மீ. லென்ஸில் எடுத்து இணைத்த பனோரமாவின் அகலம் சுமார் 8,400 பிக்சல், 12 மி.மீ. என்றால் சுமார் 12,500, 15 மி.மீ. என்றால் சுமார் 15,700. கைபேசியில் பார்ப்பதற்கான படத்திற்கு முதலாவது தாராளமாகப் போதும். பார்வையாளர் சுவரோவியத்தையோ கல்வெட்டையோ நெருக்கிப் பார்க்க வேண்டுமென்றால் அது போதாது.

படி 2: வட்ட ஃபிஷ்ஐயா, மூலைவிட்ட ஃபிஷ்ஐயா என்று முடிவு செய்யுங்கள்

ஃபிஷ்ஐ லென்ஸ்கள் இரண்டு வகைப்படும். சிக்மா 8 மி.மீ. எஃப் 3.5 போன்ற வட்ட ஃபிஷ்ஐ, 180 பாகைக் காட்சி முழுவதையும் ஒரு வட்டமாகச் சென்சாரின் நடுவில் விழச் செய்கிறது. வட்டத்திற்கு வெளியே வெறும் கறுப்பு. நிக்கான் 16 மி.மீ. எஃப் 2.8, பழைய கேனன் 15 மி.மீ. எஃப் 2.8 போன்ற மூலைவிட்ட ஃபிஷ்ஐ, படச்சட்டம் முழுவதையும் நிரப்புகிறது. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரைக்குமான கோணம் மட்டுமே ஏறத்தாழ 180 பாகை.

வட்ட ஃபிஷ்ஐயில் கேமராவை 120 பாகைக்கு ஒருமுறை திருப்பி மூன்று படங்கள் எடுத்தாலே கோளம் நிறைந்துவிடும். நான்கு எடுத்தால் இன்னும் பாதுகாப்பு. கூட்டம் மிகுந்த இடங்களுக்கும், நேரம் குறைவாக உள்ள வேலைகளுக்கும் இது மிகவும் ஏற்றது. ஆனால் 8 மி.மீ. லென்ஸின் வட்டம் 22.6 மி.மீ. விட்டம் அளவிலேயே இருப்பதால், 36-க்கு 24 மி.மீ. சென்சாரில் பாதிக்கும் குறைவான பரப்பே பயன்படுகிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்குப் பணம் கொடுத்துவிட்டு அதில் பாதியைக் கறுப்பாக வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வட்டத்தின் விளிம்புப் பகுதியில் கூர்மையும் குறைவு. அந்த விளிம்புதான் உங்கள் கூரையாகவும் தரையாகவும் வந்து அமையும்.

படி 3: எத்தனை படங்கள் தேவை என்று பாருங்கள்

இதுவே தேர்வின் மையம். இங்கே அவசரப்பட வேண்டாம். 15 மி.மீ. மூலைவிட்ட ஃபிஷ்ஐ மாட்டிய கேமராவை நெடுக்காக நிறுத்தினால், அது அகலத்தில் சுமார் 94 பாகையும் உயரத்தில் சுமார் 147 பாகையும் காணும். நான்கு படங்கள் மட்டும் எடுத்தால், அடுத்தடுத்த படங்களுக்கு இடையே நான்கு பாகையே பொதுவாக இருக்கும் என்பதால் இணைப்பு நிற்காது. 60 பாகைக்கு ஒன்றாக ஆறு படங்கள் எடுத்தால், ஒவ்வொரு படத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடுத்த படத்துடன் பொருந்தும். அப்போதும் தலைக்கு மேல் சுமார் 33 பாகை அகலத்தில் ஒரு துளை இருக்கும். காலடியிலும் அதே அளவு. இரண்டையும் தனித்தனிப் படங்களால் அடைக்க வேண்டும் என்பதால், மொத்தம் எட்டுப் படங்கள்.

மேலே உள்ள துளை அறைக்குள் தொந்தரவு தராது. கூரையில் விளக்கு, விரிசல், உத்தரம் என மென்பொருள் பற்றிக்கொள்ள ஏதாவது இருக்கும். மேகமில்லாத வானத்தின் கீழோ, வெறும் நீலத்தில் பொதுப்புள்ளி ஒன்றும் கிடைக்காமல் மென்பொருள் திணறும். இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதில்தான் கேனன் 8-15 மி.மீ. எஃப் 4, நிக்கான் 8-15 மி.மீ. எஃப் 3.5-4.5 ஆகிய ஃபிஷ்ஐ ஜூம் லென்ஸ்களின் அருமை தெரிகிறது. அவற்றைச் சுமார் 12 மி.மீ. அளவில் வைத்துக் கேமராவை நெடுக்காக நிறுத்தினால், வட்டத்தின் இரு பக்கங்கள் மட்டும் வெட்டுப்பட்டு, உயரத்தில் 180 பாகையும் அகலத்தில் சுமார் 120 பாகையும் கிடைக்கும். 90 பாகைக்கு ஒன்றாக நான்கே படங்கள் போதும். கேமராவை ஐந்து முதல் ஏழு பாகை மேல்நோக்கிச் சாய்த்துவிட்டால் உச்சி வானமும் அவற்றிலேயே அடங்கிவிடும். கீழே முக்காலி மறைக்கும் இடம் மட்டும் மிஞ்சும்.

ஓர் எச்சரிக்கை: சாம்யாங் 12 மி.மீ. எஃப் 2.8 ஃபிஷ்ஐயும் 12 என்ற எண்ணையே தாங்கியிருக்கிறது, ஆனால் அது படச்சட்டத்தை நிரப்பும் மூலைவிட்ட வகை. வளைவுக் கணக்கு வேறாக இருப்பதால், ஒரே குவியத் தூரமுள்ள இரண்டு ஃபிஷ்ஐகள் ஒரே கோணத்தைத் தருவதில்லை. எண்ணைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

படி 4: தேவையற்ற வசதிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

15 மி.மீ. லென்ஸில் அப்பர்ச்சரை (எஃப் எண்ணால் குறிக்கப்படும், ஒளி நுழையும் துளையின் அளவை) எஃப் 8-க்கு வைத்து ஒரு மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், சுமார் அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். ஆகவே ஆட்டோஃபோகஸ் தேவையில்லை. முக்காலியில் நிற்பதால் அதிர்வுத் தடுப்பும் தேவையில்லை. எஃப் 1.4 அப்பர்ச்சர் கொண்ட சிக்மா 15 மி.மீ. ஃபிஷ்ஐ நட்சத்திரங்களைப் படமெடுப்போருக்கானது. அதன் எடை 1,360 கிராம். கேனன் ஆர்.எஃப். 5.2 மி.மீ. இரட்டை ஃபிஷ்ஐ முப்பரிமாண 180 பாகை வீடியோவுக்கானது என்பதால், அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பணம் கொடுக்கத் தகுந்த ஒன்று, கண்ணாடியில் ஒளி எதிரொளிப்பதைக் குறைக்கும் லென்ஸின் பூச்சு. வெயிலில் எடுக்கும் முழுக்கோளத்தில் ஏதோவொரு படத்தில் சூரியன் நேராக விழுந்தே தீரும். பூச்சு மட்டமாக இருந்தால், ஒளிப்பொட்டுகள் அந்த ஒரு படத்தில் மட்டும் வந்து இணைப்புக் கோட்டைக் காட்டிக் கொடுக்கும்.

படி 5: உங்கள் கேமராவுக்குப் பொருந்துமா என்று உறுதி செய்யுங்கள்

டோக்கினா 10-17 மி.மீ., சாம்யாங் 8 மி.மீ. ஆகியவை சிறிய சென்சார் கேமராக்களுக்காகச் செய்யப்பட்டவை. ஃபுல் ஃப்ரேமில் அவற்றின் நிலையான ஹூட் (லென்ஸின் முன்விளிம்பில் உள்ள ஒளிமறைப்பு) காட்சியை மறைக்கும். சிலர் அந்த ஹூட்டை அறுத்தெடுத்துவிட்டுப் பயன்படுத்துகிறார்கள். முதல் லென்ஸை அறுத்துப் பழகுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மிரர்லெஸ் கேமரா வைத்திருப்போர் பழைய கேனன், நிக்கான் ஃபிஷ்ஐகளை அடாப்டர் மூலம் மாட்டலாம். அந்த அடாப்டர் தளர்வில்லாமல் துல்லியமாக இருக்க வேண்டும்.

படி 6: பனோரமா ஹெட்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள்

கேமரா சுழலும்போது அருகிலுள்ள தூணும் தொலைவிலுள்ள சுவரும் ஒன்றுக்கொன்று விலகாமல் இருக்க, லென்ஸுக்குள் ஒளி நுழையும் புள்ளியின் மீது சுழற்சி அச்சு அமைய வேண்டும். பேச்சுவழக்கில் இந்தப் புள்ளியை நோடல் பாயின்ட் என்கிறார்கள். கேமராவை அதன் மீது சுழற்ற உதவும் முக்காலித் தலையே பனோரமா ஹெட். ஃபிஷ்ஐயில் இந்தப் புள்ளி ஒளி வரும் கோணத்திற்கேற்ப முன்னும் பின்னும் நகர்வதால், படத்தின் நடுவை வைத்துச் சரிபார்க்கக் கூடாது. நான்கு படங்கள் எடுப்பவர் நடுவிலிருந்து 45 பாகையிலும், ஆறு எடுப்பவர் 30 பாகையிலும் ஒரு தூணை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இணைப்பு அங்கேதான் விழுகிறது.

படி 7: பழைய லென்ஸானால் இப்படிச் சோதியுங்கள்

முன்கண்ணாடி வெளியே புடைத்திருப்பதாலும் முன்புறம் ஃபில்டர் மாட்ட முடியாததாலும், ஃபிஷ்ஐ லென்ஸ்களில் கீறல் சகஜம். கைவிளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பிறகு எஃப் 8-இல் தொலைவிலுள்ள ஒரே கம்பம் நான்கு மூலைகளிலும் வருமாறு நான்கு படங்கள் எடுத்து, பெரிதாக்கி ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கியிருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மோசமாக இருந்தால் உள்ளே கண்ணாடி விலகியிருக்க வாய்ப்புண்டு, அந்த லென்ஸை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.