காணாக்கடி: பிரிட்டனில் காரணம் தெரியாத திடீர் ஒவ்வாமை வந்தால்

உடம்பெங்கும் திடீரெனத் தடித்து அரிக்கத் தொடங்கினால் நம் வீடுகளில் அதைக் காணாக்கடி என்பார்கள். கடித்தது எதுவென்று காணவில்லை என்பதையே நோய்க்குப் பெயராக வைத்துவிட்டார்கள். ஊரில் வெற்றிலையில் நாலு மிளகை மடித்துக் கொடுத்து, விடியும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் இருந்தார்கள். நான் பிரிட்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், கிழக்கு லண்டனில் ஐந்து பேர் பகிர்ந்திருந்த ஒரு வீட்டில், இரவு பதினொரு மணிக்கு எனக்குக் கையும் கழுத்தும் தடித்து, உதடு வீங்கி, குரல் கம்மியது. மற்ற நால்வரும் அக்கறையோடுதான் சுற்றி நின்றார்கள். ஆனால் இறாலா, புதிய சலவைத்தூளா, மாலையில் விழுங்கிய தலைவலி மாத்திரையா என்ற விசாரணையிலேயே அரை மணி நேரம் போயிற்று. ஆம்புலன்ஸை அழைத்தபோது வீட்டின் அஞ்சல் குறியீடு ஒருவருக்கும் தெரியவில்லை. காரணத்தைத் தேடும் வேலை மறுநாளுக்கு உரியது என்பதை அன்று எங்களில் யாரும் அறிந்திருக்கவில்லை.

ஆகவே முதல் சில நிமிடங்களில் பார்க்க வேண்டியது நோயாளி என்ன சாப்பிட்டார் என்பதையல்ல, அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்பதை. மூச்சுத்திணறல், வீசிங், தொண்டை இறுகும் உணர்வு, குரல் மாற்றம், நாக்கு வீக்கம், விழுங்க முடியாமை, தலைசுற்றல், மயக்கம், திடீர்க் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தோலில் தடிப்பே இல்லாமலும் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பதால், தடிப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பேசும்போது, உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமையைக் குறிக்கும் "அனஃபிலாக்சிஸ்" என்ற சொல்லைச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அழைப்பின் அவசரத்தை அவர்களுக்கு உணர்த்திவிடும். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அஞ்சல் குறியீட்டையும் வீட்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பது, வந்த வாரமே செய்து முடிக்க வேண்டிய காரியம்.

தோல் சிவந்திருக்கிறதா என்ற கேள்வி தொலைபேசியில் வரக்கூடும். நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. தடிப்புகள் தோலின் நிறத்திலேயே மேடுமேடாக எழும்பி நிற்கும். எனவே "சிவக்கவில்லை" என்று மட்டும் பதில் சொல்லி நிறுத்திவிடாமல், தடித்திருக்கிறது, அரிக்கிறது, வீங்கியிருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்ததைச் சொல்லுங்கள். உடல் வெளிறுவதையும் நீலம் பாய்வதையும் உள்ளங்கை, உள்ளங்கால், உதடு ஆகியவற்றில் பார்ப்பது நமக்குப் பொருத்தமானது.

ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சு விடச் சிரமப்பட்டால் மெதுவாக எழுப்பிச் சாய்ந்து உட்கார வைக்கலாம். கர்ப்பிணியை இடப்பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும். சற்றுத் தெளிந்தது போலத் தோன்றினாலும் அவரை எழுந்து நிற்கவோ, மாடிப்படி இறங்கவோ, கழிப்பறைக்கு நடக்கவோ விடக் கூடாது, ஏனெனில் இரத்த அழுத்தம் விழுந்திருக்கும் நிலையில் சட்டென்று எழுவதே உயிருக்கு ஆபத்தாக முடிந்ததுண்டு. டாக்சியில் ஏற்றி நாமே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடலாம் என்ற நம்மவர் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். ஆம்புலன்ஸ் குழுவினரிடம் அட்ரினலின் இருக்கும், டாக்சிக்காரரிடம் இருக்காது.

அந்த அட்ரினலின் ஊசிதான் இந்த நிலைக்கு முதல் மருந்து. செட்டிரிசின், லொராடடின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகள் சூப்பர்மார்க்கெட்டிலேயே சீட்டில்லாமல் கிடைக்கும். வெறும் அரிப்புக்கும் தடிப்புக்கும் அவை போதுமானவை. ஆனால் மூச்சையோ இரத்த அழுத்தத்தையோ அவை மீட்டுத் தராது. மூச்சிலும் தொண்டையிலும் எந்தத் தொந்தரவும் இன்றி, தடிப்பு மட்டும் இருந்து என்ன செய்வதென்று தெரியாத நிலையில், 111 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைத்துக் கேட்கலாம்.

செலவை நினைத்து 999 அழைக்கத் தயங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். விசாவோடு நீங்கள் கட்டிய சுகாதாரக் கட்டணம், 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776 பவுண்டு, இதற்காகத்தான் கட்டப்பட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் பார்க்கப்படுவது எவருக்கும் இலவசம். பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு, வார்டில் அனுமதிக்கப்பட்ட பிறகே கட்டணம் வரலாம். அதற்காக அவர்களுக்குப் பயணக் காப்பீடு எடுத்துவையுங்கள், அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவமனையில் ஊசி போட்டு நன்றான பிறகும் உடனே அனுப்பமாட்டார்கள். முதல் தாக்குதல் அடங்கிச் சில மணி நேரம் கழித்து, காரணப் பொருளை மறுபடி தொடாமலேயே, இரண்டாவது தாக்குதல் வருவதுண்டு. ஆகவே நிலைமையைப் பொறுத்து 2 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரம்வரை, சிலரை அதற்கும் மேலாக, கண்காணிப்பில் வைப்பார்கள். விடிந்தால் ஷிப்ட் இருக்கிறதென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேற வேண்டாம். டிரிப்டேஸ் என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்தார்களா என்று பணிவாகக் கேளுங்கள். நடந்தது உண்மையில் அனஃபிலாக்சிஸ்தானா என்று பிறகு தீர்மானிக்க அது உதவும். இரத்தத்தை முதல் சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் அந்தப் பரிசோதனை முடிவுக்குப் பொருள் உண்டு.

வீடு திரும்பியதும், தூங்குவதற்கு முன், எழுத வேண்டும். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன், ஏனெனில் பல மாதங்கள் கழித்து ஒவ்வாமை நிபுணர் உங்கள் முன் உட்காரும்போது அவர் முதலில் கேட்பது பரிசோதனைத் தாளையல்ல, கதையை. எத்தனை மணிக்கு எது தொடங்கியது, அதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் வாயில் போட்டவை அனைத்தும், விழுங்கிய மாத்திரைகள், குடித்த மது, ஓடியது நடந்தது, சளி காய்ச்சல், மாதவிடாய், பூச்சிக் கடி, புதிய ஹேர்டை ஆகியவற்றை வரிசைக் கவலையின்றிக் குறித்துக்கொள்ளுங்கள். தடிப்பையும் வீக்கத்தையும் படம் எடுத்துவையுங்கள். மருத்துவர் பார்க்கும்போது அவை இருக்கமாட்டா. உணவுப் பொட்டலத்தின் உறையைக் குப்பையிலிருந்தாவது மீட்டெடுங்கள்.

இத்தனை நுணுக்கம் எதற்கென்றால், "இதை ஆயிரம் தடவை சாப்பிட்டிருக்கிறேனே" என்று நாம் விடுவிக்கும் பொருளே சில சமயம் குற்றவாளியாக இருக்கும். சிலருக்குக் கோதுமை தனியாக எதுவும் செய்யாது, ஓட்டமும் தனியாக எதுவும் செய்யாது. சப்பாத்தி தின்றுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினால் அனஃபிலாக்சிஸ் வரும். உடற்பயிற்சி, மது, ஐபுப்ரோஃபென் அல்லது ஆஸ்பிரின், காய்ச்சல் ஆகியவை இப்படித் துணை நின்று ஒவ்வாமையைத் தூண்டிவிடுகின்றன. ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் தாமே காணாக்கடியைக் கிளப்பவும் கூடும். ஊரிலிருந்து கொண்டுவரும் வலி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலோடு, ஐபுப்ரோஃபென் வகையைச் சேர்ந்த அசிக்ளோஃபெனாக்கும் சேர்ந்திருக்கும். அட்டையைக் காட்டாமல் "பாராசிட்டமால்தான்" என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டால் தேடல் அங்கேயே வழிதவறிவிடும்.

பெற்றோர் வந்திருக்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அரிப்போ தடிப்போ இன்றி உதடும் நாக்கும் மட்டும் வீங்கினால், அவர்களுடைய இரத்த அழுத்த மாத்திரையின் பெயரைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் என்று "ப்ரில்" என முடியும் வகை, பல ஆண்டுகள் சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென இந்த வீக்கத்தைத் தருவதுண்டு. இதுவும் 999 அழைப்புக்கு உரியதுதான்.

உணவைப் பொறுத்தவரை, இந்நாட்டுச் சட்டம் 14 ஒவ்வாமைப் பொருட்களைக் குறிப்பிட்டுக் காட்டச் சொல்கிறது. அவற்றுள் நிலக்கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை ஆகியவற்றோடு நம் சமையலின் உயிரான கடுகும் எள்ளும் உண்டு. செலரி என்ற கீரையும், லூபின் என்ற பயறும் நமக்குப் புதியவை. சில ஐரோப்பிய ரொட்டிகளில் சேரும் லூபின் மாவு நிலக்கடலை ஒவ்வாதவர்களுக்கும் ஒவ்வாமல் போகலாம். 2016இல் விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியின் மாவில் எள் இருந்தது தெரியாமல் தின்று 15 வயது நட்டாஷா எட்னான்-லாப்ரூஸ் இறந்தார். அதன் விளைவாக, கடையிலேயே முன்கூட்டிப் பொதிந்து விற்கும் உணவிலும் முழுச் சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும் என்ற சட்டம் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் கொண்டைக்கடலை, பருப்பு வகைகள், கிவிப் பழம் போன்றவை அந்த 14இல் இல்லை. நம் வீட்டுப் பொருட்களும் தடுமாற வைக்கும்: கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும், இட்லிப் பொடியில் எள் இருக்கும், தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இருக்கலாம். தமிழ்க் கடையில் கேட்கும்போது, தமிழ்நாட்டவர் வெறுமனே "கடலை" என்பது நிலக்கடலையா கொண்டைக்கடலையா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஈழத்தவரின் "கச்சான்" இந்தக் குழப்பத்திலிருந்து தப்பித்துக்கொண்ட சொல்.

ஊரில் அறியாத இரண்டு காரணங்களும் இங்கே உண்டு. ஒன்று குளிர்: குளிர்காற்றோ குளிர்நீரோ பட்ட இடம் தடிப்பவர்கள், கடலிலும் ஏரியிலும் திடீரெனக் குதிப்பது ஆபத்து. மற்றொன்று மகரந்தம். வசந்தத்தில் பிர்ச் மரத்தின் மகரந்தம் ஒவ்வாமல் தும்மும் சிலருக்கு, வேகவைக்காத ஆப்பிளைக் கடித்தால் வாய் அரிக்கும். அதே ஆப்பிளை வேகவைத்தால் ஒன்றும் செய்யாது. இது பெரும்பாலும் வாயோடு நின்றுவிடும்.

தொடர் கவனிப்புக்கு ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் அதற்கு முகவரிச் சான்றோ விசா ஆவணமோ கட்டாயமில்லை. வரவேற்பில் இருப்பவர் வற்புறுத்தினாலும் அமைதியாக இதைச் சொல்லலாம். ஒவ்வாமை மருத்துவப் பிரிவுக்குப் பெரும்பாலும் ஜிபிதான் அனுப்புவார், காத்திருப்பு நீளும். அதற்குள் அட்ரினலின் ஊசியை எழுதித் தந்தால் எப்போதும் இரண்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும், முதல் ஊசிக்குப் பின் ஐந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இரண்டாவது போட வேண்டியிருக்கும். எபிபென், ஜெக்ஸ்ட் என்ற இரு வகை அட்ரினலின் ஊசிகளும் பயன்படுத்தும் முறையில் வேறுபடும் என்பதால், கொடுத்தது எதுவோ அதன், மருந்தும் ஊசிமுனையும் இல்லாத பயிற்சிக் கருவியை வாங்கி, உடன் வசிப்பவர்களும் ஒருமுறை தொடையில் அழுத்திப் பழகட்டும். தோல் பரிசோதனைக்குச் சில நாட்களுக்கு முன்பே செட்டிரிசின் வகை மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். மறந்தால் அந்த நாள் வீண்.

காத்திருக்கும் மாதங்களில் தலைமுடியை அனுப்பினால் ஒவ்வாமையைச் சொல்கிறோம் என்றும், நூறு உணவுகளுக்கு ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை இரத்தத்தில் பார்க்கிறோம் என்றும் வரும் விளம்பரங்களில் பணத்தை இழக்காதீர்கள். அவை ஒவ்வாமையைக் கண்டறியும் சோதனைகளே அல்ல. அவற்றை நம்பி ஒருவர் பால், தக்காளி, கத்தரிக்காய், மீன் எல்லாவற்றையும் நிறுத்தி, எலும்பும் தோலுமாக என்னிடம் வந்து நின்றார். அவருக்கு இருந்தது ஆறு வாரத்துக்கும் மேலாக அநேகமாக நாள்தோறும் வந்துபோகும் நீடித்த காணாக்கடி. அதற்குப் பெரும்பாலும் வெளிக்காரணமே இருக்காது, பத்தியத்தால் பயனும் இல்லை. மருத்துவர் சொன்னபடி தினசரி மாத்திரையில் அடங்கியது.

எனக்கும் காரணம் கிடைக்கவில்லை. இறால், வலி மாத்திரை இரண்டையும் மருத்துவமனை மேற்பார்வையில் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. நிபுணரின் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் "அறியப்படவில்லை" என்று எழுதி, இரண்டு ஊசிகளைத் தொடர்ந்து வைத்திருக்கும்படி சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதத்தின் படம் என் கைபேசியில் இருக்கிறது. ஊசிகள் என் பையின் முன்னறையில் இருக்கின்றன, அது எந்த அறை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.