நைட் டியூட்டியும் ஐபிஎஸ்ஸும்: ஹவுஸ் சர்ஜன்களுக்கு

முதலில் உங்கள் வயிற்றுத் தொல்லை ஐபிஎஸ்தானா (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், எரிச்சல் குடல் நோய்) என்று பாருங்கள். குடல் கோளாறுகளைக் கண்டறிய 2016-இல் வந்த ரோம் 4 என்ற சர்வதேச வரையறைப்படி, கடைசி 3 மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வலிக்கு மலம் கழிப்பதோடு தொடர்பு, போகும் தடவைகளில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம், இவற்றில் இரண்டு சேர வேண்டும். மலத்தில் ரத்தம், எடை குறைவு, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் பேதி இருந்தால் ஓபி சீட்டு போட்டு முறையாகக் காட்டுங்கள். வார்டு ஓரத்தில் நண்பரிடம் கேட்பது போதாது.

மெஸ் சாம்பார்தான் பலருக்குச் சிக்கல். வெங்காயம், பூண்டில் ஃப்ரக்டான் என்ற, எளிதில் செரிக்காமல் வாயுவை உண்டாக்கும் ஒரு மாவுச்சத்து இருக்கிறது; அது தண்ணீரில் கரையும். துண்டுகளை ஒதுக்கினாலும் குழம்பில் அது இருக்கும். எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் மணம் மட்டும் தங்கும். 4 முதல் 6 வாரம் இப்படிக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு உணவாகத் திரும்பச் சேருங்கள். நிரந்தரமாக ஒதுக்கினால் சத்துக்குறைவுதான் மிஞ்சும்.

இரவு முழுக்கப் பட்டினி கிடந்து, விடியலில் வயிறு முட்ட பரோட்டா தின்பதை விடுங்கள். பையில் தயிர்சாதமோ வாழைப்பழமோ இருக்கட்டும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தயிரையும் சோதித்தே சேர்க்கவும். டீ, காபி நாளுக்கு 3 கப்புக்குள். மலச்சிக்கலுக்கு இசப்கோல் 3–4 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரோடு; வேகமாகக் கூட்டினால் வயிறு உப்பும். சாம்பிள் பெட்டியிலிருந்து மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்கவே கூடாது.