சிரிக்க விட்ட இடத்தை வெட்டாதீர்கள்: பழைய நகைச்சுவைப் படங்களைத் திரையிடுவோர் விடும் பிழைகள்

கடந்த மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் இளைஞர் சிலர் 1930களின் கறுப்பு வெள்ளைப் பேசும்படங்களைத் திரையிட்டார்கள். எல்லாம் மூன்று நான்கு பேர் கூட்டமாக முட்டி மோதி விழுந்தெழும்பும் நகைச்சுவைகள். நான் தொடக்ககாலத்தில் விட்ட பிழைகளையே அவர்களும் வரிசையாக விட்டதைக் கண்டபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. வயரை மறந்து வருவது, ஒலிபெருக்கியைச் சோதிக்காமல் விடுவது போன்றவற்றை ஒருமுறை பட்டவர் தாமே திருத்திக்கொள்வார் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

இடைவெளியை வெட்டுதல்

இரவில் தனியே மடிக்கணினியில் பார்ப்பவருக்கு, ஒரு பகிடி முடிந்து அடுத்த வசனம் வரும்வரை நடிகர்கள் முழித்துக்கொண்டு நிற்பது இழுவையாகத்தான் தோன்றும். "அண்ணை, இழுவையாக் கிடந்த இடமெல்லாம் வெட்டிப்போட்டன், ஆறு நிமிசம் மிச்சம்" என்று ஒரு தம்பி பெருமையோடு சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது. அதில் பாதி என்மீதே வந்த எரிச்சல்.

அந்த இடைவெளிகள் கணக்குப் பார்த்து விடப்பட்டவை. குரௌச்சோ, சிக்கோ, ஹார்ப்போ என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களின் 'எ நைட் அட் த ஒபெரா' 1935இல் வெளிவருமுன், தயாரிப்பாளர் இர்விங் தால்பேர்க் அதன் முக்கிய காட்சிகளை அமெரிக்காவின் மேற்குப் பகுதி நகரங்களில் மேடையேற்றச் செய்தார். சனம் எங்கே சிரிக்கிறது, எவ்வளவு நேரம் சிரிக்கிறது என்று பார்த்தே எந்த வசனத்தை வைப்பது, எங்கே பொறுப்பது என்பன தீர்மானிக்கப்பட்டன. கப்பலின் சிற்றறைக் காட்சியில் குரௌச்சோ வாசலில் நின்று சாப்பாட்டுக்குச் சொல்ல, உள்ளிருந்து சிக்கோ அவித்த முட்டை இரண்டு கேட்க, ஹார்ப்போ ஊதுகுழலை அமுக்க, குரௌச்சோ அதை மூன்றாக்குவார். ஊதலுக்கும் திருத்தத்துக்கும் நடுவில் உள்ள அந்தச் சிறு இடைவெளியைத்தான் நான் தொடக்ககாலத்தில் ஒரு திரையிடலில் வெட்டியிருந்தேன்.

மண்டபத்தில் நூறு பேர் சிரித்தார்கள், அடுத்த வசனம் சிரிப்புக்குள் மூழ்கியது. "தம்பி, முட்டைக்குப் பிறகு என்ன சொன்னவங்கள்? ஒண்டும் கேக்கேல்லை" என்று முன்வரிசையிலிருந்து ஒரு ஐயா திரும்பிக் கேட்டார். ஒலியைக் கூட்டினேன், இரைச்சல்தான் கூடியது. அதைவிடக் கேடு என்னவென்றால், இரண்டு மூன்று வசனங்களைத் தவறவிட்ட சனம், அடுத்ததையாவது பிடிப்போம் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டத் தொடங்கியது. அறைக்கதவைத் திறந்ததும் உள்ளே அடைபட்டிருந்த அத்தனை பேரும் வெளியே கொட்டுண்ணும் இடத்தில்கூட மண்டபம் பாதிக் குரலில்தான் சிரித்தது.

லோரல்–ஹார்டி படங்களில் வெட்டுவது இன்னும் மோசம். ஹார்டி அடிபட்டபின் கமராவை நேராகப் பார்த்துப் பெருமூச்சு விடும் அந்தப் பார்வையே பகிடி. வெட்டினால் அடி மட்டும் மிஞ்சும்.

துணைவரி முந்துதல்

நடிகர் பாதி வசனத்தில் நிற்க, திரையின் கீழே ஓடும் தமிழ் வரி முழுவதையும் சொல்லிவிட்டால், வாசித்தவர் முதலிலும் கேட்டவர் பின்னரும் சிரிப்பர். முடிச்சு அவிழும் சொல்லைத் தனி வரியாக்கிப் பிந்தவிடுங்கள். ஆங்கிலச் சிலேடைக்குத் தமிழ்ச் சிலேடை தேடி மினக்கெடவேண்டாம். ஹார்ப்போவுக்கு வசனமே இல்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

வேகத்தைக் கூட்டுதல்

பேசும்படம் விநாடிக்கு 24 சட்டகம், கைவைக்காதீர்கள்.

நிறமூட்டிய பிரதி

வேண்டாம்.

அகலத் திரையை நிரப்புதல்

அக்காலப் படச்சட்டம் கிட்டத்தட்டச் சதுரமானது. இரு பக்கமும் கறுப்பாகத் தெரிகிறதே என்று 16:9 திரைக்குப் பெருப்பித்தால் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடும். கூட்ட நகைச்சுவையில் வேடிக்கை பெரும்பாலும் காலடியில்தான் நடக்கும். மோ, லாரி, கேர்லி என்ற மூவர் கூட்டமான த்ரீ ஸ்டூஜஸில் கேர்லி தரையில் சரிந்து கிடந்தபடி கால்களால் உந்தி வட்டமடிப்பார். வெள்ளவத்தையில் அன்று நாங்கள் கண்டது, மோவும் லாரியும் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டு நின்றதை மட்டும்தான்.