செலெங்காவ புதுசா கேக்கறவங்க எங்க ஆரம்பிக்கணும்

போன ஞாயிறு பூசை முடிஞ்சு குயர்ல பாடற தம்பி ஒருத்தன் "அண்ணா, பாக் நிறைய கேட்டுட்டேன், அடுத்து யாரு?"னு கேட்டான், யோசிக்காம யான் டிஸ்மாஸ் செலெங்கானு சொல்லிட்டேன், இவரும் பாக் மாதிரி பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர்தான். அவனுக்கு சொன்னதையே எழுதறேன்.

முதல்ல ஹெட்போன் போடுங்க, போன் ஸ்பீக்கர்ல கேட்டா பாதி பாட்டு காணாம போயிடும். 1679ல பொஹீமியால (இப்போ செக் நாடு) பிறந்தவர், ஜெர்மனில டிரெஸ்டன் அரசவையில வேலைக்கு சேர்ந்ததே வயலோன் வாசிக்கத்தான், டபுள் பேஸ் மாதிரி பெரிய வாத்தியம் அது. அதனாலயோ என்னவோ இவர் இசைல அடிக்குரல் சும்மா தாங்கிட்டு நிக்காது, அதுதான் மத்ததெல்லாம் இழுத்துட்டு போகும்.

ஆரம்பிக்க வேண்டியது 1738ல எழுதின சி மைனர் மிசெரெரே. தேடறப்போ இசட் டபிள்யூ வி (ZWV, இவர் படைப்புகளுக்கான பட்டியல் எண்) 57னு நம்பரோட தேடுங்க, 1722ல எழுதின இன்னொண்ணும் இருக்கு, அது 56. தவக்காலத்துல நாம சொல்ற 51வது திருப்பாடல்தான், தமிழ் வரிய பக்கத்துல வெச்சுக்கங்க. முதல் தடவ குரலை விட்டுடுங்க. கீழ தந்தி வாத்தியம் நெஞ்சு அடிக்கற மாதிரி விடாம இடிச்சுட்டே போகும், அத மட்டும் புடிச்சுக்கிட்டு இருங்க, மேல ஓபோங்கற ஊதற வாத்தியம் ரெண்டும் உரசிட்டு நிக்கும், அப்போ மொத்த குயரும் "மிசெரெரே"னு வந்து விழும் பாருங்க, எனக்கு இன்னைக்கும் கை ரோமம் எழுந்துக்குது. கடைசில அதே இசை திரும்பி வரும், அப்ப குரலை கேளுங்க.

அடுத்து மிஸ்ஸா வோட்டிவா, 1739. உடம்பு முடியாம கெடந்து, நல்லானா பூசை இசை எழுதறேன்னு வேண்டிக்கிட்டு, நிஜமாவே எழுதி முடிச்சு அத அதுலயே குறிச்சும் வெச்சிருக்கார், நம்ம ஊரு வேண்டுதல் தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல வெளக்கமே வேணாம். ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும், கிருஷ்ணகிரில ஓசூர் பஸ் ஏறி உக்காந்து போட்டா சரியா இருக்கும். "கிரியே"ங்கறது நம்ம "ஆண்டவரே இரக்கமாயிரும்"தான்.

1729ல டிரெஸ்டன் அரசவை இசைத்தலைவர் ஹைனிஷன் இறந்ததுக்கு அப்புறம் அந்த கபெல்மைஸ்டர் (இசைத்தலைவர்) பதவிய செலெங்கா கேட்டார், அது ஹாஸேங்கற இன்னொரு இசையமைப்பாளருக்கு போயிடுச்சு. எனக்கு இதுல வருத்தம்தான். பாக்கே இவர் மேல மதிப்பு வெச்சு இவரோட மாக்னிஃபிகாட்ட (மரியாளின் பாடல்) தன் மகன விட்டு நகல் எடுக்க வெச்சார்.

1722ல எழுதின எரேமியா புலம்பல்கள புனித வாரத்துக்குனு எடுத்து வெச்சுடுங்க. ஆறு இருக்கு, ஒரு நாளைக்கு ரெண்டுனு. ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஆலெஃப், பேத்னு வெறும் எபிரேய எழுத்த நீளமா இழுத்து பாடுவாங்க, அத தள்ளி விட்டுடாதீங்க.