அசல் பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள்: பழைய காகிதங்களைக் காப்பதில் நடக்கும் தவறுகள்

வீட்டுப் பத்திரமோ மார்க் ஷீட்டோ, பீரோவில் சும்மா கிடந்தால் பல வருடம் தாங்கும். காப்பாற்றுகிறேன் என்று கை வைக்கும்போதுதான் பெரும்பாலும் கெடுகிறது.

முதல் குற்றவாளி லேமினேஷன். சூட்டில் இளகும் பசை காகித நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் சான்றிதழின் பின்பக்கத்தில் முத்திரை வாங்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் மேல் எப்படிக் குத்துவது? வேண்டுமானால் ஜெராக்ஸை லேமினேட் செய்துகொள்ளுங்கள், அசலை விட்டுவிடுங்கள்.

அடுத்தது செல்லோ டேப். மடிப்பில் கிழிந்த பத்திரத்தில் ஒட்டிப் பாருங்கள்: சில வருடங்களில் பிளாஸ்டிக் காய்ந்து தானாகக் கழன்றுவிடும், பசை மட்டும் உள்ளே ஊறி, கையெழுத்தின் குறுக்கே பழுப்புப் பட்டையாக நிற்கும். ஆவணக் காப்பகங்களில் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தையும் கோதுமை மாவுப் பசையையும் வைத்துத்தான் கிழிசலை ஒட்டுகிறார்கள். வீட்டில் அந்தச் சோதனை வேண்டாம். கிழிந்தது கிழிந்தபடியே ஒரு காகித உறையில் இருக்கட்டும்.

பழசுதான் முதலில் மக்கும் என்ற நினைப்பும் சரியில்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கந்தல் துணியிலிருந்துதான் காகிதம் செய்தார்கள். நார் நீளம், அதனால் ஆயுளும் நீளம். மை ஊறாமலிருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்க்கும் முறையை 1807இல் ஜெர்மனியின் இல்லிக் வெளியிட்டார். 1844இல் அதே நாட்டின் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கிக் காட்டினார். காகிதம் மலிந்தது. ஆனால் படிகாரத்தால் அமிலமும், அரைத்த மரத்தோடு தாளைப் பழுப்பாக்கும் லிக்னின் என்ற மரப்பொருளும் சேர்ந்து வந்துவிட்டன. அதனால்தான் முந்நூறு வருடத்துப் புத்தகத்தின் தாள் இன்னும் வளைகிறது, தாத்தா எடுத்துவைத்த செய்தித்தாள் தொட்டாலே நொறுங்குகிறது. அந்த அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவும். செய்தித்தாள் துணுக்கை நோட்டுக்குள் வைத்து வருடங்கள் கழித்துத் திறந்தால், துணுக்கின் வடிவம் அப்படியே பழுப்பாகப் பதிந்திருக்கும். பத்திரக் கட்டைச் செய்தித்தாளில் சுற்றிவைப்பதை இன்றே நிறுத்துங்கள்.

ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஒன்று துருப்பிடிக்கும், ஒன்று இளகி ஒட்டிக்கொள்ளும்.

வாரண்டி பில் பல கடைகளில் தெர்மல் காகிதத்தில் வருகிறது. அதில் மையே கிடையாது. தாளில் பூசிய ரசாயனம் சூடுபட்டுக் கறுப்பதுதான் எழுத்து. வெயிலிலும் சிலவகை பிளாஸ்டிக் உறைகளிலும் அது மங்கிப்போகும். ஃபிரிட்ஜ் பழுதாகிற நாளில் கையில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

மழைத் தண்ணீரில் நனைந்துவிட்டால் உடனே மொட்டை மாடி வெயிலுக்கு ஓடாதீர்கள். தாள் சுருளும், மை வெளுக்கும். நிழலில் விரித்து, மேலே நேராக அடிக்காதபடி ஃபேனை ஓடவிட்டால் போதும். தாள் நிறைய இருந்தால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை வந்துவிடும். அப்போது சின்னச் சின்னக் கட்டாகப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அப்புறம் நிதானமாக ஒவ்வொரு கட்டாக எடுத்து உலர்த்தலாம்.